ஒரு மில்லிமீட்டர் நீள அளவுகோல்

நுண்ணோக்கியின் கண்வில்லைக்குள் கோடுகள் இருக்கின்றன.
நூறு கோடுகள். அவற்றுக்கு அலகு கிடையாது.
கீழே எந்த வில்லையைத் திருப்புகிறேனோ
அதைப் பொறுத்து ஒரு கோடு பத்தாகும்,
இரண்டரையாகும்.
அதனால் ஜனவரியில், பேர்னில்,
சன்னலில் பனி அப்பியிருக்கும் ஒரு காலையில்,
கண்ணாடித் துண்டொன்றை மேடைமேல் வைத்து
உள்ளே இருக்கும் கோட்டை
வெளியே இருக்கும் கோட்டோடு சேர்க்கிறேன்.
துண்டில் இருப்பது மொத்தம் ஒரு மில்லிமீட்டர்.
அதை நூறாக வகிர்ந்திருக்கிறார்கள்.
வேலை முடிந்ததும் ரெகுலா அதைப் பெட்டகத்தில் பூட்டுவாள்,
நகை மாதிரி.

அளந்து எழுதும் எண்கள் யாரிடமும் சொல்வதற்கல்ல.
கருமுட்டை, நூற்றிருபது. அதன் கூட்டின் தடிப்பு, பதினைந்து.
ஊசியின் உள்வாய், ஐந்து.
எண்ணுக்குப் பின்னால்
ஒரு கிரேக்க எழுத்து வால் தொங்க நிற்கும்.

அன்று சொல்ல வேண்டியிருந்தது.
சாருமதிக்கு ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை,
டாக்டருக்குத் தமிழ் வராது.
கையுறையைக் கழற்றிவிட்டுப் போனேன்.
அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். இது மூன்றாம் தடவை.
பிரணவரூபன் கம்பளித் தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார்.
"எவ்வளவு பெரிசு?" என்றார்.

கடுகு என்று தொடங்கினேன். கடுகு இதற்கு மலை.
எள் என்று வந்தது நாக்குக்கு.
எள்ளும் தண்ணீரும் எதற்கென்று நினைவு வர
அதை அப்படியே விழுங்கினேன்.
இம்மி? இம்மியை யார் பார்த்தார்கள்,
இம்மியும் அசையாதவர்களைச் சொல்வதற்குத்தான் அது இருக்கிறது.
தலைமுடி என்று வாயெடுத்தேன். யாருடைய தலைமுடி?
என்னுடையது எழுபது. சாருமதியினது,
இத்தனை ஊசிகளுக்குப் பிறகு, ஐம்பதுகூடத் தேறாது.
"ஒரு முற்றுப்புள்ளியில் மூன்றில்..." என்று இழுத்தபோது

அவர் கை காட்டினார்.
"மைக்ரோனிலை சொல்லுங்கோ அக்கா.
நான் பீல் நகரத்திலை
மணிக்கூட்டுக் கோதுக்குப் பொலிஷ் போடுறனான்.
பதினேழு வருசம்."

"நூற்றிருபது."

"நூற்றிருபதோ!"
நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.
"அது பெரிசெல்லோ.
தங்கப்பூச்சே எங்களுக்கு இருபதுதான்.
முப்பது பிசகினால் முழுப்பெட்டியும் திரும்பி வரும்.
நூற்றிருபதெண்டால், சாரு,
நகத்தாலை தடவினால் தட்டுப்படும்."

அவள் சுவரிலிருந்து திரும்பினாள்.
கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரல் நுனியில்
ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் அது
தன் கூட்டைக் கிழித்து வெளியே வரத் தொடங்கியது.
கோடுகளை அதன்மேல் வைத்தேன். பதினெட்டைத் தொட்டது.
நூற்றெண்பது என்று எழுதி
வாலுள்ள எழுத்தையும் மறக்காமல் போட்டேன்.
அது விட்டுப்போனால் நூற்றெண்பது மீட்டர்,
ஆரே நதியைக் கடந்துவிடலாம்.

மார்ச்சில் கைபேசியில் ஒரு குரல்பதிவு.
பின்னால் இயந்திர இரைச்சல்.
"அக்கா, ஸ்கேனிலை ஏழு மில்லிமீட்டர் எண்டினம்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"எனக்கு அது பிடிபடேல்லை.
ஏழாயிரமெண்டு எழுதி வைச்சிருக்கிறன்.
மில்லிமீட்டரிலை நாங்கள் கதவுதான் அளக்கிறது."

இரண்டு தடவை கேட்டேன்.
பிறகு பெட்டகத்தைத் திறந்தேன்.
ரெகுலா ஏன் என்று கேட்கவில்லை,
ஜனவரி இல்லையே என்று மட்டும் சொன்னாள்.
கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
வெறுங்கண்ணுக்கு அது ஒரு சாம்பல் அழுக்கு,
துடைத்தால் போய்விடும் போல.
ஒரு மில்லிமீட்டர்.
அதற்கு மேல் என்னிடம் கோடு இல்லை.